ஆராய்ச்சி முடிவுகளை வெளியிடுமுன் பரிசீலித்தல்

பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், கர்நாடக மாநிலம் முடிந்து தமிழ்நாடு தொடங்கும் எல்லையை ஒட்டி அமைந்துள்ளது அத்திபெலே. ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த ஒரு ஹோப்ளியின் தலைமையிடம் இவ்வூர். தமிழ்நாட்டில் பிர்க்கா என வழங்கும் வருவாய்ப் பிரிவையே கர்நாடகத்தில் ஹோப்ளி என்பர். ராகி விளைந்த நிலங்களின் நடுவே இன்று ஒரு தொழிற்பேட்டை எழுந்துள்ளது. கன்னடமும் தமிழும் தெலுங்கும் கடைத்தெருவில் ஒருங்கே கேட்கும். இத்தகைய ஊரில் வீட்டுக் கணக்கோ தொழிற்சாலைக் கணக்கோ எடுக்கச் செல்லும் களப்பணியாளர், வினாக்களைத் தொடங்குமுன் ஒரு வாக்குறுதி அளிக்கிறார்: “நீங்கள் கூறுவது புள்ளி விவரத்திற்கு மட்டுமே பயன்படும், இன்னார் இன்னது கூறினார் என்பது வெளியே தெரியாது.”

வாக்குறுதியை அளிப்பவர் களப்பணியாளர். அதைக் காப்பாற்ற வேண்டியவரோ பெரும்பாலும் அவர் கண்டறியாத மற்றொருவர். படிவங்கள் பூட்டிய அலமாரியில் இருக்கலாம். கணிப்பொறியில் கடவுச் சொல்லின் காவலில் இருக்கலாம். ஆயினும் அவற்றிலிருந்து தொகுத்த அட்டவணை என்றேனும் ஒரு நாள் வெளியே சென்றே தீர வேண்டும். அதற்காகவே கணக்கு எடுக்கப்பட்டது. பெயரும் கதவிலக்கமும் இல்லாத அந்த அட்டவணை வழியாகவே ஒருவருடைய அந்தரங்கம் வெளிப்பட்டுவிடக் கூடும். அது எவ்வாறு நிகழ்கிறது என்பதையும், வெளியிடுமுன் அதனைக் கண்டுபிடிக்க உதவும் சாக்ரோ என்னும் கணிப்பொறிச் சாதனத்தை நிறுவிப் பயன்படுத்தும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கழித்துக் காணுதல்

ஓர் உதாரணம் கற்பித்துக் கொள்வோம். இதில் வரும் எண்கள் யாவும் விளக்கத்திற்காகப் புனைந்தவை. அத்திபெலே ஹோப்ளியில் காசநோய்க்குச் சிகிச்சை பெற்ற பெண்களின் தொகை, வயது வாரியாக அட்டவணையிடப்படுகிறது. 15 முதல் 39 வயது வரை 22 பேர். 40 முதல் 59 வரை 31 பேர். 60க்கு மேல் 4 பேர். மொத்தம் 57 பேர். நான்கு பேர் என்பது மிகச் சிறிய தொகை. அக்கம்பக்கத்தார் ஆளை அடையாளம் காண்பது எளிது. ஆகவே அந்தக் கட்டத்தில் எண்ணுக்குப் பதில் ஒரு கோடு இடப்படுகிறது. ஆனால் மொத்தம் 57 என்பது அடியில் அப்படியே நிற்கிறது. இருபத்திரண்டையும் முப்பத்தொன்றையும் கூட்டி மொத்தத்திலிருந்து கழிக்க எவருக்கும் அரை நிமிடம் போதும். மறைத்த எண் மறையவே இல்லை.

இந்தியச் சட்டம் இவ்வபாயத்தை அறிந்தே எழுதப்பட்டுள்ளது. 2008ஆம் ஆண்டின் புள்ளி விவரச் சேகரிப்புச் சட்டத்தின் 9ஆவது பிரிவு, பெற்ற தகவலைப் புள்ளி விவர நோக்கத்திற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என விதிக்கிறது. அதோடு நில்லாமல், வெளியிடப்படும் புள்ளி விவரம், மற்றவற்றை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்கும் முறையாலும் தகவல் தந்தவர் இன்னார் என அறிய இயலாதவாறு அமைந்திருக்க வேண்டும் என்கிறது. தகவல் தந்தவரே சம்மதித்தால் அது வேறு. சட்டத்தைப் படிப்போர் “விலக்கிப் பார்த்தல்” என்னும் அச்சொற்களை வேகமாகக் கடந்து விடுகின்றனர். மேற்கண்ட 57 கழித்தல் 53 என்பது அதுவே.

மக்கள்தொகைக் கணக்கைப் பொறுத்தவரை 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆவது பிரிவு இன்னும் கடுமையானது. கணக்கெடுப்பின்போது எழுதப்பட்ட பதிவேடுகளைப் பார்வையிட எவருக்கும் உரிமை இல்லை.

பெயரை நீக்கிவிட்டால் போதும் என்னும் எண்ணம் எத்துணை பலவீனமானது என்பதற்கு அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு சம்பவம் அடிக்கடி எடுத்துக் காட்டப்படுகிறது. மாசசூசெட்ஸ் மாநிலம் தன் ஊழியரின் மருத்துவமனைப் பதிவுகளைப் பெயர் நீக்கி ஆராய்ச்சியாளருக்கு வழங்கியது. பிறந்த தேதி, பால், அஞ்சல் குறியீட்டெண் ஆகிய மூன்றும் அப்பதிவுகளில் இருந்தன. அப்பொழுது மாணவியாயிருந்த லட்டானியா ஸ்வீனி, கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை 20 டாலர் கொடுத்து வாங்கி, இரண்டையும் ஒப்பிட்டார். மாநில ஆளுநர் வில்லியம் வெல்டின் பிறந்த தேதியை உடையோர் அப்பட்டியலில் ஆறு பேர். அவருள் ஆடவர் மூவர். அவருடைய அஞ்சல் குறியீட்டில் வசித்தவர் ஒருவரே. ஆளுநரின் மருத்துவக் குறிப்பு இவ்வாறு வெளிப்பட்டது. ஒரு பெருநகரில் இது நிகழக் கூடுமானால், எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஒரு சிற்றூரைப் பற்றிக் கூற வேண்டுவதில்லை.

பெரிய தொழிற்சாலையின் நிழல்

சிறிய எண் இருந்தால்தான் ஆபத்து என்று கருதலாகாது. தொழிற்சாலைக் கணக்குகளில் ஆபத்து வேறு உருவில் வருகிறது. 1959ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் தொழிற்சாலைகளின் வருடாந்திரக் கணக்கெடுப்பு நடைபெற்று வருகிறது. ஆலைகளின் உற்பத்தி, மூலப்பொருட் செலவு, ஊதியம் முதலியன அதில் கேட்கப்படுகின்றன. போட்டியிடும் தொழில் முனைவோருக்கு இவை மிகப் பெறுமதியான இரகசியங்கள்.

மீண்டும் ஒரு கற்பனை: அத்திபெலேயில் ஒரே வகைப் பொருளைச் செய்யும் 12 ஆலைகள் உள்ளன, அவற்றின் மொத்த ஆண்டு உற்பத்தி 100 கோடி ரூபாய். பன்னிரண்டு என்பது போதிய தொகையே எனத் தோன்றும். ஆனால் முதல் ஆலை 70 கோடிக்கும், இரண்டாவது ஆலை 24 கோடிக்கும் உற்பத்தி செய்கின்றன. ஏனைய பத்தும் சேர்ந்து 6 கோடி. இப்பொழுது “100 கோடி” என்னும் ஒரே எண்ணை வெளியிட்டால் என்ன ஆகும்? இரண்டாவது ஆலையின் கணக்கர் தம்முடைய 24 கோடியைக் கழித்து, போட்டியாளரின் உற்பத்தி 76 கோடிக்கு மேற்பட்டிருக்க முடியாது என அறிவார். உண்மை 70, அவர் கண்டது 76. பிழை நூற்றுக்கு ஒன்பதுக்கும் குறைவு. வியாபாரத்திற்கு அவ்வளவு துல்லியம் போதும்.

இதனைத் தடுக்க இரண்டு விதிகள் கையாளப்படுகின்றன. முதல் இரண்டு பேரின் பங்கு சேர்ந்து மொத்தத்தில் நூற்றுக்கு 90ஐ மிஞ்சினால் அந்தக் கட்டத்தை வெளியிடலாகாது என்பது ஒன்று. நம் உதாரணத்தில் அது 94. முதல் இருவரை நீக்கியபின் எஞ்சும் தொகை, முதல்வருடைய தொகையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்தால் வெளியிடலாகாது என்பது மற்றொன்று. ஆறை எழுபதால் வகுத்தால் 0.086 வருகிறது, இதுவும் மீறப்படுகிறது. பன்னிரண்டு ஆலைகள் என்னும் எண்ணிக்கை இங்கே ஒரு பாதுகாப்பையும் அளிக்கவில்லை.

கண்ணால் பார்ப்பதும் பொறியால் பார்ப்பதும்

இரகசியத் தரவுகளை ஆராய்ச்சிக்கு வழங்கும் நிலையங்களில், ஆராய்ச்சியாளர் பாதுகாப்பான கணிப்பொறியிலேயே வேலை செய்கிறார். முடிவுகளை வெளியே எடுத்துச் செல்லுமுன் பரிசீலனையாளர் ஒருவர், பல இடங்களில் இருவர், ஒவ்வோர் அட்டவணையையும் பார்த்து அனுமதிக்க வேண்டும். நூறு அட்டவணைகள் ஒரே நாளில் வந்தால் பரிசீலனையாளரின் கண் சோர்ந்து போகும். எண்பதாவது அட்டவணையில் உள்ள “3” என்னும் எண் தப்பிவிடும். மேலும் 70, 24 என்னும் விவரம் அட்டவணையில் இராது. அங்கே 100 மட்டுமே தெரியும். எனவே ஆதிக்க விதியைக் கண்ணால் சோதிக்கவே இயலாது. மூலத் தரவு கைக்கருகில் இருக்கும்பொழுது, அதாவது அட்டவணை தயாராகும் கணத்திலேயே சோதனை நிகழ வேண்டும்.

இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டு, இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலுள்ள மேற்கு இங்கிலாந்துப் பல்கலைக் கழகத்தார் அக்ரோ என்னும் மென்பொருளை உருவாக்கினர். முதலில் அது ஸ்டாட்டா என்னும் புள்ளியியல் மென்பொருளுக்காக, ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளி விவர அலுவலகமாகிய யூரோஸ்டாட்டின் பொருளுதவியுடன் எழுதப்பட்டது. 2023ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் பல்கலைக் கழகங்கள் பல சேர்ந்து அதனை விரிவாக்கிச் சாக்ரோ என்னும் திட்டமாக வளர்த்தன. அரைகுறையாகத் தானியங்கும் பரிசீலனை என்பது அப்பெயரின் விரிவில் அடங்கிய கருத்து; “அரைகுறையாக” என்றது தன்னடக்கம் அன்று, வேண்டுமென்றே வைத்த வரம்பு. பொறி குறிகாட்டும், முடிவு கூறுபவர் மனிதரே.

நிறுவும் முறை

சாதனம் இரண்டு பாகங்களை உடையது. இரண்டும் இரண்டு வெவ்வேறு ஆட்களின் கணிப்பொறிகளில் இருக்க வேண்டும். இரண்டும் விலையின்றிக் கிடைப்பவை.

அக்ரோ என்னும் முதற்பாகம் ஆராய்ச்சியாளருக்குரியது. பைத்தான் மொழி நிறுவப்பட்ட கணிப்பொறியில், பிப் என்னும் வழக்கமான நிறுவற் கட்டளையோடு அக்ரோ என்னும் பெயரைக் கொடுத்தால் அது வந்து அமையும். ஆர் மொழியில் பழகியோருக்கும் ஸ்டாட்டாவில் பழகியோருக்கும் தனித்தனி இணைப்புகள் உள; எனினும் அடியில் பைத்தானே வேலை செய்வதால் அதுவும் இருந்தாக வேண்டும். இணையத் தொடர்பு துண்டிக்கப்பட்ட பாதுகாப்பறையில், கணிப்பொறிப் பொறுப்பாளர் முன்னதாகவே வேண்டிய கோப்புகளை உள்ளே கொணர்ந்து வைக்க வேண்டும். நடைமுறையில் காலதாமதம் ஏற்படுவது இங்கேதான்.

சாக்ரோ பார்வைச் சாதனம் என்னும் இரண்டாம் பாகம் பரிசீலனையாளருக்குரியது. இது விண்டோஸ் கணிப்பொறியில் நிறுவும் ஒரு சாதாரண மேசைப் பயன்பாடு. கிட்ஹப் தளத்தில் நிறுவற் கோப்பு கிடைக்கும். அதனைப் பெற்று இயக்கினால் போதும். பரிசீலனையாளர் பைத்தானோ வேறு மொழியோ அறிந்திருக்க வேண்டுவதில்லை.

நிறுவியபின் முதற்கண் செய்ய வேண்டியது வரம்புகளைத் தீர்மானித்தல். அக்ரோவுடன் வரும் அமைப்புக் கோப்பில், ஒரு கட்டத்தில் குறைந்தது 10 பேர், தொடர்புப் போக்குச் சமன்பாடுகளில் குறைந்தது 10 எஞ்சிய கட்டின்மை எண், ஆதிக்க விதிக்கு இரண்டு பேர் நூற்றுக்கு 90, எஞ்சிய தொகை விதிக்குப் பத்தில் ஒன்று என எண்கள் குறிக்கப்பட்டுள்ளன. இவை வேதவாக்கு அல்ல. தரவின் தன்மைக்கேற்ப நிலையத்தார் கூட்டலாம், குறைக்கலாம். ஆராய்ச்சியாளர் தமக்கு வசதியாக மாற்றிக் கொள்வதற்காக மட்டும் அவை வைக்கப்படவில்லை.

பயன்படுத்தும் முறை

ஆராய்ச்சியாளர் தம் பழகிய கட்டளைகளையே எழுதுகிறார். குறுக்கு அட்டவணைக்கான கிராஸ்டாப் என்னும் கட்டளையின் முன் அக்ரோவின் பெயரைச் சேர்க்க வேண்டும், அவ்வளவே. அட்டவணை திரையில் தோன்றும்பொழுதே, எந்தக் கட்டம் எந்த விதியை மீறியது என்னும் குறிப்பும் தோன்றுகிறது. மறைக்கும் வசதியை இயக்கிவிட்டால், மீறிய கட்டங்கள் வெறுமையாகிவிடும். கூட்டுத் தொகையும் மறைத்த கட்டங்களை நீக்கியே கணக்கிடப்படுகிறது. நம் காசநோய் அட்டவணையில் மொத்தம் 57 என்பது 53 என மாறும். கழிப்பதற்கு ஒன்றும் இராது. ஆனால் உண்மை மொத்தம் 57 என்பது வேறோர் அறிக்கையில் முன்னமே வெளிவந்திருந்தால் இவ்வேற்பாடு பயனற்றதாகும்.

மறைப்பதைக் காட்டிலும் அட்டவணையின் வடிவத்தை மாற்றுதலே பெரும்பாலும் நலம். 40 வயதுக்கு மேற்பட்டோர் என இரு வகுப்புகளை ஒன்றாக்கினால் 22, 35 என்னும் இரண்டு எண்கள் கிடைக்கின்றன. மொத்தம் 57 என்பதும் உண்மையாகவே நிற்கிறது. எதுவும் மறைக்கப்படவில்லை; எவரும் வெளிப்படவும் இல்லை. ஐயம் தோன்றிய கட்டங்களையெல்லாம் அழித்துவிடுவதே பாதுகாப்பு எனச் சிலர் கருதுகின்றனர். அது சோம்பலுக்கு இட்ட நற்பெயர். காசநோய் முதியோரிடத்தும் பரவியுள்ளது என்னும் செய்தி சுகாதார அதிகாரிக்கு எட்டவில்லையெனில், கணக்கெடுப்புக்கு உட்பட்ட மக்களுக்கே அது நட்டம்.

விதி மீறப்பட்டும் எண் வெளிவருவது இன்றியமையாதது என ஆராய்ச்சியாளர் கருதினால், விலக்குக் கோரிக் காரணத்தை எழுதலாம். வேலை முடிந்ததும் முடித்தற் கட்டளை கொடுக்கப்படுகிறது. மீறல் உள்ள முடிவுக்குக் காரணம் எழுதப்படாதிருந்தால் அப்பொழுது அது கேட்கப்படும். பின்னர் அட்டவணைகள், படங்கள், விவரக் குறிப்புகள் யாவும் ஒரே கோப்புறையில் சேர்க்கப்படுகின்றன. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணும் கணக்கிட்டு வைக்கப்படுகிறது. இடையில் எவரேனும் ஓர் எண்ணைத் திருத்தியிருந்தால் அச்சரிபார்ப்பு எண் பொருந்தாது போகும். முத்திரை உடைந்த தபாலைப் போல அது தன்னைக் காட்டிக் கொடுக்கும்.

பரிசீலனையாளர் தம் பார்வைச் சாதனத்தைத் திறந்து அக்கோப்புறையைத் தேர்ந்தெடுக்கிறார். முடிவுகளின் பட்டியல் தோன்றுகிறது. ஒவ்வொன்றுக்கும் எதிரே, தேறியது, தவறியது, பார்க்க வேண்டியது என்னும் மூன்றில் ஒரு நிலை குறிக்கப்பட்டிருக்கும். வேறு முறையில் தயாரித்துச் சேர்க்கப்பட்ட கோப்புகளை அக்ரோ சோதிக்க இயலாது. அவை மூன்றாம் நிலையில் வந்து நிற்கும். ஒரு முடிவைத் தேர்ந்தால் அட்டவணை விரிகிறது. மீறிய கட்டங்கள் நிறத்தால் தனித்துத் தெரிகின்றன. ஆராய்ச்சியாளரின் விளக்கமும் விலக்குக் கோரிக்கையும் அருகில் காணப்படுகின்றன. பரிசீலனையாளர் ஏற்கலாம் அல்லது தள்ளலாம், கருத்தையும் எழுதலாம். எல்லாம் முடிந்தபின் ஏற்கப்பட்டவை மட்டும் ஒரே பொதியாக வெளியே எடுக்கப்படுகின்றன.

“தேறியது” என்னும் குறியைக் கண்டவுடன் பாராமல் ஏற்பது தவறான பழக்கம்.

பொறிக்குத் தெரியாதவை

சாதனம் தன் முன் வைத்த கோப்புறை ஒன்றையே அறியும். சென்ற மாதம் மற்றோர் ஆராய்ச்சியாளர் எடுத்துச் சென்ற அட்டவணையை அறியாது. அத்திபெலே ஹோப்ளி முழுவதற்கும் ஓர் அட்டவணை சென்ற மாதமும், ஒரு கிராமம் நீங்கலாக மற்றோர் அட்டவணை இம்மாதமும் வெளிவந்தால், இரண்டும் தனித்தனியே குற்றமற்றவை. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் அந்தக் கிராமம் தனியே நிற்கும். ஆகவே ஒவ்வொரு நிலையத்திலும் வெளியீட்டுப் பதிவேடு ஒன்று இருத்தல் வேண்டும்: எந்தத் தரவு, எந்த எல்லை, எந்த ஆண்டு, எவ்வகுப்புகள், எந்நாளில் வெளியிடப்பட்டது என்னும் ஐந்து பத்திகள் போதும்.

மாதிரிக் கணக்கெடுப்புகளில் வேறொரு மயக்கம் உண்டு. ஒரு மாதிரி வீடு, ஏனைய பல வீடுகளுக்குப் பிரதிநிதியாக நிற்பதால், அதன் விவரம் ஒரு பெருக்க எண்ணால் பெருக்கப்படுகிறது. அட்டவணையில் “400 வீடுகள்” என்று காண்பது உண்மையில் ஒரே ஒரு வீட்டின் விடையாக இருக்கலாம். பத்துப் பேர் வரம்பு, பெருக்கிய எண்ணுக்கு அன்று, நேரில் கேட்டு எழுதிய வீடுகளின் எண்ணுக்கே உரியது. பெருக்கிய பின்னுள்ள அட்டவணையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு பரிசீலிப்பவர் ஏமாறுவது திண்ணம்.

கட்டம் பெரிதாயிருந்தும் முழுமை காரணமாக இரகசியம் வெளிப்படுவதும் உண்டு. ஒரு குடியிருப்பில் கேட்கப்பட்ட 14 பேரும் கடனாளிகள் என்று அட்டவணை கூறினால், வரம்பு மீறப்படவில்லை. ஆயினும் அக்குடியிருப்பில் கேட்கப்பட்ட எவரைக் கண்டாலும் அவர் கடனாளி என்பது உறுதியாகிவிடுகிறது. பூஜ்யமும் நூற்றுக்கு நூறும் எங்கே வந்தாலும் அங்கே கண் நிற்க வேண்டும்.

பள்ளி ஆசிரியர்கள் இவ்விஷயத்தைக் கணிப்பொறி இல்லாமலே கற்பிக்கலாம். வகுப்பு மாணவர் வீட்டுக்கு எத்தனை பேர், எவ்வூரிலிருந்து வருகின்றனர், எந்த வாகனத்தில் வருகின்றனர் என்பவற்றை அட்டவணையிட்டு, ஒரு கட்டத்தை அழித்துக் கரும்பலகையில் எழுதி, அழித்த எண்ணைக் காணுமாறு கூறலாம். எந்தெந்தக் கட்டங்களையும் சேர்த்து அழித்தால் அது கண்டுபிடிக்க இயலாததாகும் என்பதே அடுத்த வினா. ஒரு வரிசையில் ஒன்றும், ஒரு நிரலில் ஒன்றும், அவ்விரண்டும் சந்திக்குமிடத்தில் ஒன்றுமாக மேலும் மூன்று கட்டங்கள் வேண்டும் என்னும் முடிவுக்கு அவர்கள் தாமே வந்து சேர்வர். நோய், வருமானம், சாதி போன்றவற்றை இப்பயிற்சிக்கு எடுத்துக் கொள்ளலாகாது. வகுப்பறையிலும் இரகசியம் உண்டு.

களப்பணியாளர் செய்ய வேண்டுவதும் ஒன்றுண்டு. பெயரளவில் வெவ்வேறாயுள்ள ஆலைகள் உண்மையில் ஒரே உரிமையாளருடையவை என்பதை மென்பொருள் அறியாது. படிவத்தை ஒரு தடவை பார்ப்பவரும் அறியார். வாயிலில் நின்று பேசியவர் மட்டுமே அறிவார். அத்திபெலே உதாரணத்தின் பன்னிரண்டு ஆலைகளில் நான்கு ஒரே குடும்பத்திற்கு உரியவை என்றால், தகவல் தந்தோர் உண்மையில் ஒன்பது பேரே. பத்து என்னும் வரம்புக்கு அது கீழே வந்துவிடுகிறது. குறிப்புரைப் பத்தியில் இதனை ஒரு வரியாக எழுதி அனுப்பினால், பரிசீலனையாளர் அதற்கேற்ப எண்ணிக்கொள்ள இயலும்.